சினிமாவில் வேலை பார்த்த மாப்பிள்ளை

கலியாணத் தரகர் கந்தப்பு தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கதிரையின் கைப்பிடியில் கவனமாக வைத்தார். பிறகு, "பெடியன் சினிமாவில வேலை" என்றார்.

 குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, அடுப்பில் பாற்சொதி பொங்கி நெருப்பில் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அதை இறக்கி வைக்க அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சென்ற கிழமை இந்தப் பத்தியில், எனக்குப் பேசி வந்து குழம்பிப்போன மூன்று சம்பந்தங்களைப் பற்றி எழுதியிருந்தேன். முதலாமவருக்குச் சாதகம் பொருந்தவில்லை. இரண்டாமவருக்கு நான் பொருந்தவில்லை. மூன்றாமவர் எனக்குப் பொருந்தவில்லை. இது நான்காவது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். ஊர் என்னைக் கண்டால் முதலில் கழுத்தைப் பார்க்கும், பிறகுதான் முகத்தைப் பார்க்கும்.

"எந்தச் சினிமா?" என்று அப்பா கேட்டார்.

கந்தப்பு கொஞ்சம் யோசித்தார். "பெரிய சினிமா" என்றார்.

அவருக்கு அதற்குமேல் தெரியாது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த வீட்டிலே அந்தச் சொல்லை நாங்கள் நாலு பேர் கேட்டோம். நாலு விதமாகக் கேட்டோம். அதனால் வந்த வினையைத்தான் இந்தக் கிழமை சொல்லப்போகிறேன்.

போத்தில் உருளும் இடம்

அப்பா வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே துறைமுகத்து டொக்யார்ட்டில் களஞ்சியப் பொறுப்பாக இருந்தவர். கயிறு, வர்ணத் தகரம், ஆணி, சங்கிலி என்று எல்லாம் அவருடைய கையால்தான் வெளியே போகும். அந்தக் களஞ்சியத்துக்குப் பக்கத்துச் சுவரோடு கப்பற்காரருக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம் இருந்தது. வாசலில் ஆங்கிலத்தில் சினிமா என்று எழுதியிருந்ததாம்.

அப்பா ஒருநாளும் அதற்குள் போனதில்லை. ஆனால் வருடக்கணக்காகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அதைக் கேட்டிருக்கிறார். சப்பாத்துக் கால்கள் தரையில் உதைக்கிற சத்தம், விசில், சிரிப்பு, நடுநடுவே வெறும் போத்தில்கள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருண்டு போகிற சத்தம். அவர் சினிமாவைக் காதால் மட்டுமே அறிந்த மனிதர். ஆகவே சினிமா என்றால் அவருக்கு ஒரு கட்டிடம். அதற்குள் போத்தில் உருளும்.

"அங்க என்ன வேலை இருக்கப்போகுது? போத்தில் பொறுக்கிற வேலைதான்" என்றார், கந்தப்பு படலையைத் தாண்டியதும்.

மாமியின் நிலா

அப்பாவின் தமக்கையை நான் மாமி என்பேன். புருஷன் செத்தபிறகு எங்களோடுதான் இருந்தார். மாமிக்குச் சினிமா என்றால் மனிதர்கள். யாராவது நடிகர் கொழும்புக்கு வருகிறார் என்று பத்திரிகையில் போட்டால், "சினிமா வந்திருக்குதாம்" என்று கோலம் போடுவதை விட்டுவிட்டு வந்து சொல்லுவார்.

ஆனால் வெளியில் அந்தச் சொல்லை உச்சரிக்க மாட்டார். எங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு ஊரில் சினிமாவடி என்று பெயர். தெருவின் ஒரு பக்கம் தியேட்டர், மறுபக்கம் பிள்ளையார் கோவில். மாமி பஸ்ஸில் ஏறி "பிள்ளையாரடி" என்று ரிக்கற் கேட்பார். கொண்டக்டர், "எது, சினிமாவடியோ?" என்பார். "பிள்ளையாரடி" என்பார் மாமி. "அப்படியொரு இறக்கம் இல்லையே அம்மா" என்பார் அவர். இது இறங்கும்வரைக்கும் நடக்கும். பஸ்ஸில் எல்லோருக்கும் அது ஒரு பொழுதுபோக்கு.

கந்தப்பு விட்டுப்போன மாப்பிள்ளையின் படத்தை முதலில் கைப்பற்றியது மாமிதான். ஸ்ரூடியோவில் எடுத்த படம். பின்னால் துணியில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு, அதற்குமேல் முழுநிலா. முன்னால் ஒரு மெல்லிய மனிதர் முக்காலியில் முழங்கையை ஊன்றி, நெற்றியில் ஒரு சுருள் முடியோடு, எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சினிமா முகம்" என்றார் மாமி. "நான் எங்கேயோ கண்டிருக்கிறன்."

அம்மாவின் கணக்கு வேறு. அம்மா 'படம்' பார்ப்பார், 'சினிமா' பார்க்க மாட்டார். கடவுள் வந்தால் படம். கதாநாயகி மழையில் நனைந்தால் சினிமா. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்களோடு போனபோது, இடைவேளைவரைக்கும் படமாக இருந்தது, இடைவேளைக்குப் பிறகு சினிமாவாகிவிட்டதாம். எழும்பிப் போவதா இருப்பதா என்று பெண்கள் கடலையைக் கொறித்தபடி கூடிக் கதைத்திருக்கிறார்கள். திரும்பவும் படமாக மாறுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவோம் என்று தீர்மானித்துக் கடைசிவரை இருந்துவிட்டு வந்தார்கள்.

இவை போதாதென்று ஊருக்கும் ஒரு பொருள் இருந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லிக் கந்தோருக்கு வராதவனைப் பார்த்து, "சினிமா காட்டாதை" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் யன்னலால் வெளியே பார்த்தால், "அங்க என்ன சினிமாவே நடக்குது?" என்று ரீச்சர் கேட்பார். நான் அந்தச் சொல்லைப் பாராட்டாகக் கேட்டதே இல்லை.

கேட்டால் சொல்லிவிடுவார்கள்

மாமி சொன்னது இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நான் நடிகர் ஒருவரைக் கட்டப்போகிறேன். கந்தோரில் பெரிய கிளாக்கர் முதன்முறையாக என்னிடம் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவருகிற மனிசி, நல்ல விளைமீனைத் தனியே எடுத்து வைத்துத் தந்துவிட்டு, மாப்பிள்ளை குதிரை ஓட்டுவாரா என்று கேட்டாள்.

அப்பா ஒரே பிடியாக நின்றார். சினிமாக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை. கந்தப்புவை வரச் சொல்லி, படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு கந்தப்பு வருவதாக ஏற்பாடு.

எனக்கோ அந்தப் படத்தை ஒரு முறைக்குமேல் பார்க்க வேண்டியிருந்தது. மாமி தூங்கும்போது அவருடைய தலையணைக்குக் கீழே இருந்து எடுத்துப் பார்ப்பேன். நிலாவும் படிக்கட்டும் எனக்குச் சிரிப்பைத்தான் தந்தன. அந்த மனிதருடைய முகத்திலும் அதே சிரிப்பு கொஞ்சம் ஒளிந்திருந்ததாகப் பட்டது. இந்த மாளிகை என்னுடையது இல்லை என்று சொல்லத் துடிக்கிற முகம். இன்னொரு சம்பந்தமும் போய்விட்டால் ஐந்தாவது வராது என்பதும் எனக்குத் தெரியும்.

கந்தப்புவைப் பஸ் நிலையத்தில் பிடித்தேன். "அண்ணை, அவருக்குச் சினிமாவில என்ன வேலை?"

"அதை நான் கேக்கேல்லைப் பிள்ளை. கேட்டால் சொல்லிப்போடுவினம்" என்றார். "அவையின்ர வாயால சினிமா எண்டு வந்தது. சொல்லு நல்லாயிருந்தது. நான் அதோட நிப்பாட்டிப் போட்டன்."

மாப்பிள்ளையின் பெயர் தவராசா, கிளிவெட்டி ஆட்கள், நெல் வயல் இருக்கிறது, அறுவடை முடிந்ததால் இப்போது தோப்பூரில் நிற்பார். இவ்வளவும் அவரிடமிருந்து வந்தது. அறுவடைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

லோஞ்சில் இருந்த தகரப் பெட்டி

எனக்கு ஜெஸீமா என்று ஒரு சிநேகிதி. மூதூர்ப் பெண். டவுனில் மாமா வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுத்தாள். அவளுடைய வீட்டில் சினிமா என்ற சொல்லே கிடையாது, "அந்த இடம்" என்பார்கள். அவள் ஒரு படமும் பார்த்ததில்லை. ஆனால் நான் பார்த்த அத்தனையையும் அவளுடைய தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து நான் சொல்ல, கேட்டு வைத்திருந்தாள். சண்டைக் காட்சியில் மெசினை வேகமாக மிதிப்பாள். அழுகைக் காட்சியில் நூல் அறுந்துவிடும். பிறகு மூதூருக்குப் போய் அதே கதையை இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவாள். மூதூரில் சில படங்கள் டவுனில் ஓடியதைவிட நன்றாக இருந்ததாகக் கேள்வி.

அவளுடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, தோப்பூரில் குடியிருந்தாள். புதிதாகப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை பார்க்க ஜெஸீமாவோடு போய்வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது பொய்யில்லை. பிள்ளையையும் பார்த்தோம்.

ஞாயிறு காலை ஜெற்றியில், குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற மோட்டார் படகான லோஞ்சில் ஏறினோம். நல்ல சனம். இருக்க இடமில்லாமல் நான் ஒரு எட்டுக்கோணத் தகரப் பெட்டியின் மேல் அமர்ந்துகொண்டேன். லோஞ்ச் நடுக்கடலில் ஆடத் தொடங்கியதும் ஒரு மனிதர் ஓடி வந்தார். "தங்கச்சி, எழும்புங்கோ. அது படப்பெட்டி."

"என்ன படம்?" என்று ஜெஸீமா கேட்டாள்.

"தோப்பூர்க் கொட்டகைக்குப் போற படம். இண்டைக்குப் பின்னேரம் ஓட வேணும்."

நானும் ஜெஸீமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தோப்பூரில் சினிமா இருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. சனத்தின் கையில் காசு புழங்குகிற அறுவடைக் காலத்துக்கு மட்டும் போட்டு, மழை வர முதல் பிடுங்கிக்கொண்டு போகிற கிடுகுக் கொட்டகை.

"அப்ப அவர் நடிகர் இல்லையா?" என்றாள் ஜெஸீமா. அவள் அன்றைக்கென்று தன் மிக நல்ல முக்காட்டைப் போட்டு வந்திருந்தாள். பாவம்.

சந்தையில் கேட்ட குரல்

அவரை நான் முதலில் காணவில்லை. கேட்டேன்.

ராத்தா வீட்டிலிருந்து சந்தைப் பக்கம் நடந்து வரும்போது ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்த, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "தாய்மாரே, சகோதரிகளே, கண்ணீர் உண்டு, கத்திச்சண்டை உண்டு, கடைசியில் கலியாணமும் உண்டு. வரும்போது கண் துடைக்க லேஞ்சி இரண்டு கொண்டு வாருங்கள். ஒன்று நனைந்துவிடும்."

வளைவில் ஒரு பழைய மொறிஸ் கார் மெதுவாக வந்தது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழல்கள் கயிற்றால் கட்டியிருந்தன. பின் ஆசனத்தில் மைக்கைப் பிடித்தபடி, ஒரு கையால் யன்னலுக்கு வெளியே நோட்டீஸ் வீசிக்கொண்டு, நெற்றியில் சுருள் முடியோடு, அதே மனிதர். நிலா இல்லை. படிக்கட்டு இல்லை. முகம் முழுக்கத் தூசி.

"இவர்தானா புள்ள?" என்று ஜெஸீமா என் கையைக் கிள்ளினாள்.

கந்தப்பு என்னுடைய படத்தையும் அங்கே கொடுத்திருப்பார் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அவர் நோட்டீஸ் ஒன்றை நீட்டினார். நான் கை நீட்டினேன். என்னுடைய முகத்தைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தபடி நின்றது. கூரையில் இருந்த இரண்டு குழல்களும் அமைதியாகின.

திடீரென்று சத்தம் நின்றதால் சந்தையே திரும்பிப் பார்த்தது. கார்ச் சாரதி பிரேக்கைப் போட்டுவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார்.

"பொம்பிளை வந்திருக்கு" என்றார் தவராசா.

மைக்கை அணைக்க மறந்துபோனார். இரண்டு குழல்களும் அதைத் தோப்பூர் சந்தைக்கு, மீன்கடைக்கு, பள்ளிவாசல் தெருவுக்கு, வயல் கரைக்கு எல்லாம் எடுத்துச் சொல்லின. தராசு பிடித்திருந்தவர் தராசைக் கீழே வைத்தார். சைக்கிளில் போனவர் காலை ஊன்றினார். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அவர் மைக்கை அணைத்துவிட்டுக் காரிலிருந்து இறங்கி வந்தார். சற்றுத் தள்ளியே நின்றார்.

"நான் நடிக்கிறனான் எண்டு ஆராவது சொன்னவையோ?"

"சொன்னவை."

"நான் சொல்லேல்லை. நான் கத்திறவன். அவ்வளவுதான் என்ர வேலை."

"கேட்டது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. படம் நல்லதா என்று கேட்டேன். தெரியாது என்றார். பெட்டி இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறதாம். அப்படியென்றால் கண்ணீர், கத்திச்சண்டை, கலியாணம்? அவர் தலையைச் சொறிந்தார். "கலியாணம் எப்பிடியும் வரும்" என்றார். சொன்னபிறகுதான் அதன் மற்றப் பொருள் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். காதுவரை சிவந்து போய்க் காருக்குள் ஏறிவிட்டார்.

எங்களைவிட வேகமான செய்தி

திரும்பும் லோஞ்சில் எங்களுக்கு எதிரே வெற்றிலை போட்ட ஒரு மனிசி இருந்தார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தோப்பூரில் நடந்ததைக் கேள்விப்படவில்லையா என்று தொடங்கினார். சினிமா மாப்பிள்ளையைத் தேடி டவுனிலிருந்து ஒரு பெண் வந்து, சந்தைக்கு நடுவே காரை மறித்து, பொன்னரிமாலை ஒன்றை அவருடைய கழுத்தில் போட்டுவிட்டாளாம்.

"பொன்னரிமாலையா?" என்றேன்.

"பூமாலை எண்டுதான் நான் கேட்டது" என்றாள் ஜெஸீமா, வெட்கமில்லாமல்.

ஜெற்றியில் அப்பா சைக்கிளோடு நின்றார். வெற்றிலை மனிசி எங்களுக்கு முன்னால் இறங்கினார். அவருக்கு அப்பாவை முன்பின் தெரியாது. இருந்தும் நின்று, முழுக் கதையையும் அப்பாவுக்கும் சொன்னார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாக்கும் என்று முடித்துவிட்டுப் போனார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஜெஸீமாவைப் பார்த்தார். அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அன்றைக்குப்போல அந்தத் தெரு எனக்கு ஒருநாளும் நீண்டதில்லை. அவர் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சைக்கிள் செயின் சத்தம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். அம்மாவும் மாமியும் வந்து நின்றார்கள்.

"அவனுக்கு என்ன வேலை?"

சொன்னேன். காரில் இருந்து ஊர் ஊராகப் படத்தை அறிவிக்கிறவர். அப்பா நெற்றியைச் சுருக்கினார். கொட்டகைக்குள் போவதில்லையா என்று கேட்டார். படம் ஓடும்போது அவர் அடுத்த ஊருக்கு அறிவிக்கப் போய்விடுவார் என்றேன். போத்தில்? அதை நான் காணவில்லை என்றேன்.

மாமி படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இந்த முகத்தை இப்பிடி வீணாக்கிப் போட்டான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அது உண்மையான துக்கம்.

அம்மா மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உன்னைக் கண்டவுடனே அந்தப் பெடியன் பேச்சில்லாமல் நிண்டவனோ?"

"ஓம்."

"உன்ர கொப்பர் என்னைப் பாக்க வந்த நேரம் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தவர்" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை. ஒரு தகவலாகச் சொன்னார்.

அப்பா மேசையில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, அந்தக் காலத்துத் தகப்பன்மார் கேட்காத ஒன்றை என்னிடம் கேட்டார். "உமக்கு விருப்பமோ?"

நான் தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து "ஓம்" என்றேன்.

ஒரே ஒரு நிபந்தனை

தவராசா தமையனோடு முறைப்படி வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். அப்பா ஒரேயொரு நிபந்தனை போட்டார். கலியாண வீட்டில் ஒலிபெருக்கி கூடாது. அவர் சம்மதித்தார். எனக்கு மனம் கொஞ்சம் கனத்தது. அவருக்கும் கனத்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் கொட்டகை முதலாளிக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. கலியாணத்தன்று தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கும் நேரத்தில், மூதூரில் கடலைக் கடந்து வர ஏலாது என்று கந்தளாய் வழியாகச் சுற்றி முழு இரவும் ஓடி வந்த அந்த மொறிஸ் கார், குழல்களுக்குச் செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டு எங்கள் படலைக்கு முன்னால் வந்து நின்றது. சாரதி மைக்கை எடுத்து, "இன்று ஒரே ஒரு காட்சி" என்று தொடங்கினார்.

அப்பாவின் முகம் கறுத்தது. எழும்பிப் போனார். மாப்பிள்ளை மணவறையில் இருந்து பாதி எழும்பினார், நான் அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

அந்த நேரம் பந்தலில் ஒரே குழப்பம். தோப்பூர், கிளிவெட்டி ஆட்களுக்குக் கடைசி லோஞ்ச் பிடிக்க வேண்டும். அவர்கள் சாப்பிடாமல் வெளியே நிற்க, உள்ளூர்ச் சனம் இலைக்கு முன்னால் இருந்து கதைத்துக்கொண்டிருந்தது. அப்பா காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போயிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

காருக்குப் பக்கத்தில் போனவர் சாரதியின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அணைக்கத்தான் வாங்கினார் என்று நினைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயருகே பிடித்தார்.

"லோஞ்சுக்குப் போறவை முதல்ல வந்து சாப்பிடுங்கோ."

தெரு முழுக்க அவருடைய குரல் போய்த் திரும்பி வந்தது. பந்தல் ஒரு நொடியில் அடங்கியது. உள்ளூர்ச் சனம் எழும்பி இடம் விட்டது. அப்பா குழல்களை அண்ணாந்து பார்த்தார். அவ்வளவு காலமும் அவர் சொல்லி அவ்வளவு பேர் ஒரேயடியாகக் கேட்டதில்லை.

பிறகு அவர் மைக்கைக் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து பின் ஆசனத்தில் ஏறி இருந்துகொண்டார். ரசம் வருகிறது என்றார். அப்பளம் தீர்ந்துவிட்டது, பொரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். டொக்யார்ட் சிநேகிதர்கள் படலையில் நிற்காமல் உள்ளே வரவேண்டும் என்று பெயர் சொல்லி அழைத்தார். லோஞ்ச்காரர் சாப்பிட்டுப் போனார்கள். உள்ளூர்ச் சனம் சாப்பிட்டது. சமையல்காரரும் சாப்பிட்டார்கள். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல், குழல்களில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாக்கியம்," என்றது ஒலிபெருக்கி. "நீர் இன்னும் சாப்பிடேல்லை. வாரும்."

வீட்டில் அப்பா அம்மாவை 'இஞ்சேரும்' என்று கூப்பிடுவார். பெயர் சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. இப்போது அது தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டது.

அம்மா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றார். "இந்த மனிசனுக்கு என்ன நடந்தது?" என்று ஒருவரையும் பார்க்காமல் கேட்டார். அகப்பையை மாமியிடம் கொடுத்தார். கையைக் கழுவினார், தலையை ஒருமுறை தடவிச் சரிசெய்துகொண்டார், வந்து பந்தியில் முதல் இலைக்கு முன்னால் இருந்தார்.